செகண்ட் ஹேண்ட் ஜீப்பா? டிசம்பர்ல அது எங்க நின்னுச்சுன்னு கேளுங்க!

சென்னையில ஒரு பெருமழை பேஞ்சு ஓஞ்சதும் நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு ஆசை வரும். ஒண்ணு, சூடா மிளகாய் பஜ்ஜி. இன்னொண்ணு, ஃபோர் வீல் டிரைவ் வண்டி. பஜ்ஜி ஆசை சாயங்காலத்தோட தீர்ந்துடும். வண்டி ஆசை இருக்கே, அது பொங்கல் வரைக்கும் ஆளை விடாது. துரைசாமி சப்வேயில இடுப்பளவு தண்ணி நின்ன படத்தைப் பார்த்துட்டு, "ஒரு தார் இருந்திருந்தா..."ன்னு பெருமூச்சு விடாத மாம்பலத்துக்காரர் யாராவது இருக்காரா?

புது வண்டி விலையைக் கேட்டா தலை சுத்தும். அதனால நேரா செகண்ட் ஹேண்டுக்குப் போறோம். தப்பில்லை. ஆனா என் கட்சி இதுதான்: இந்த ஊர்ல பழைய ஜீப்பு, எஸ்யூவி வாங்குறவங்க இஞ்சினைப் பார்க்குறாங்க, டயரைப் பார்க்குறாங்க, பாட்டு சத்தமா கேக்குதான்னு கூட பார்க்குறாங்க. கேட்க வேண்டிய முதல் கேள்வியை மட்டும் கேக்குறதே இல்லை. "சார், 2015 டிசம்பர்ல இந்த வண்டி எங்க நின்னுச்சு? 2023 டிசம்பர்ல எங்க நின்னுச்சு?"

ஏன் இந்தக் கேள்வின்னு சொல்றேன். 2015 டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கத்துலேர்ந்து 29,000 கன அடி தண்ணி திறந்து, அடையாறு கரை தாண்டி ஊருக்குள்ள வந்தது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டைன்னு வீட்டு வாசல்ல நின்ன வண்டியெல்லாம் முங்குச்சு. பேஸ்மென்ட் பார்க்கிங் இருந்த அடுக்குமாடிகள்ல நிலைமை இன்னும் மோசம். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில காருங்க காகிதக் கப்பல் மாதிரி மிதந்து போன வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அந்த அனுபவத்துலதான் 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரி மேம்பாலத்துல வரிசையா காரைக் கொண்டுபோய் நிறுத்தினாங்க ஜனங்க. அனுபவஸ்தர்கள்!

சரி, அப்படி முங்கின வண்டியெல்லாம் எங்க போச்சு? எல்லாத்தையும் புதுப்பேட்டையில பிரிச்சு மேஞ்சுட்டாங்கன்னு நினைக்குறீங்களா? ரிப்பேர் செலவு வண்டியோட காப்பீட்டு மதிப்புல 75 சதவீதத்தைத் தாண்டினா இன்சூரன்ஸ் கணக்குல அது டோட்டல் லாஸ். ஓனருக்குப் பணம் குடுத்துட்டு, வண்டியை இருக்குற நிலையில ஏலம் விட்டுடுவாங்க. ஏலத்துல எடுக்குறவர் காயலான் கடைக்கும் போடலாம், காய வெச்சு, கழுவி, சீட் கவர் மாத்தி, வாசனை ஸ்ப்ரே அடிச்சு விக்கவும் செய்யலாம். எது அதிக லாபம்னு நான் சொல்லணுமா?

அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல இப்படி ஒரு வண்டி டோட்டல் லாஸ் ஆனா, அதோட ஓனர்ஷிப் பத்திரத்துலயே 'சால்வேஜ்', 'ஃப்ளட்'னு முத்திரை விழுந்துடும். நம்ம ஆர்.சி.யில ஹைபாதிகேஷன் இருக்கும், சேஸிஸ் நம்பர் இருக்கும், கலர் கூட இருக்கும். இந்த வண்டி மூணு நாள் தண்ணிக்குள்ள கிடந்ததுன்னு மட்டும் ஒரு வரி இருக்காது. என்னோட கோபமெல்லாம் அந்த ஒரு வரி மேலதான். அதுக்குக் கடைசியில வரேன்.

<b>முதல்ல, உங்களுக்கு என்ன வண்டி வேணும்?</b>

வெளிநாட்டுப் படத்துல வர்ற நாலு சக்கர பைக், அதாங்க ஏடிவி, அதுல ஆசை இருந்தா ஒரு நிமிஷம். நம்ம நாட்டுல அது பண்ணைக்கும் ரிசார்ட்டுக்கும் விளையாட்டுக்கும் விக்கிற சாமான். பெரும்பாலானது ரோட்டுல ஓட்டப் பதிவே ஆகாது. ஈசிஆர் பக்கம் காம்பவுண்டுக்குள்ள காசு குடுத்து ரெண்டு ரவுண்டு ஓட்டிட்டு வந்துடுங்க, செலவு மிச்சம். விக்கிறவர் "நம்பர் பிளேட் வாங்கிக்கலாம் சார்"னு சொன்னா, "நீங்களே வாங்கிக் குடுங்க, அப்புறம் வாங்கிக்குறேன்"னு சொல்லிப் பாருங்க.

ஆக நம்ம ஊர்ல காடு மேடு ஏறுற வண்டின்னா பழைய மஹிந்திரா ஜீப்பு, மாருதி ஜிப்ஸி, தார், கூர்க்கா, ஜிம்னி வகையறாதான். இதுல ஒரு சூட்சுமம். 2020 அக்டோபர் 2-ல வந்த புதுத் தார் ஃபோர் வீல் டிரைவ்தான். ஆனா 2023 ஜனவரியில பின் சக்கரம் மட்டும் இழுக்குற தார் ஒண்ணும் வந்துச்சு. வெளியிலேர்ந்து பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கியர் பக்கத்துல இன்னொரு குட்டி லீவர் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அது தோற்றத்துக்கு மட்டும்தான் ஜீப்பு. ஃபோர் வீலுக்கான விலையைக் குடுத்து டூ வீல் வாங்காதீங்க. மத்த பெரிய எஸ்யூவிகள்லயும் இதே கதைதான். ஒரே பேர்ல ரெண்டு வகையும் ஓடும்.

இன்னொண்ணு, ஃபோர் வீல் டிரைவ் இருந்தா வெள்ளத்துல போகலாம்ங்கறது பெரிய மூடநம்பிக்கை. சேத்துல, மணல்ல சக்கரம் சுத்தாம இருக்கத்தான் அது. தண்ணிக்கு கணக்கு வேற. புதுத் தாருக்கு கம்பெனி சொல்ற ஆழம் 650 மில்லிமீட்டர், புது கூர்க்காவுக்கு 700. அதாவது முட்டிக்கு மேல கொஞ்சம், அவ்வளவுதான். அதுக்கு மேல காத்து போற வழியா தண்ணி உள்ள போச்சுன்னா முடிஞ்சுது. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. பிஸ்டன் மேல வரும்போது கனெக்டிங் ராடு வளைஞ்சுடும். இஞ்சினுக்குன்னு தனியா ஆட்-ஆன் எடுக்கலைன்னா, இன்சூரன்ஸ்காரங்க பெரும்பாலும் இதுக்குக் கையை விரிச்சுடுவாங்க. கச்சேரி ரோட்டுல திருப்பவும், பாண்டி பஜார் பக்கம் பார்க்கிங் தேடவும் ஒரு ஜீப்பு எதுக்குன்னு யோசிச்சுக்கோங்க. ஏலகிரி, கொல்லிமலைன்னு நிஜமாவே போறவங்க மேல படிங்க.

<b>முங்கின வண்டியைக் கண்டுபிடிக்குறது எப்படி?</b>

1. சீட் பெல்ட்டை முழுசா, கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. அடியில இருக்குற பகுதியை யாரும் கழுவ மாட்டாங்க. சேறு கோடு போட்ட மாதிரி தெரிஞ்சா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

2. மேட்டைத் தூக்கி, அதுக்குக் கீழ இருக்குற கார்ப்பெட்டைக் கையால அழுத்துங்க. சீட்டுக்கு அடியில இருக்குற தண்டவாளம், போல்ட்டு எல்லாம் துருப்பிடிச்சிருக்கா? மேல இருக்குற சீட் பளபளன்னு புதுசா இருந்து, போல்ட்டு மட்டும் பழுப்பா இருந்தா அர்த்தம் புரியுதுல்ல?

3. ஃப்யூஸ் பாக்ஸைத் திறங்க. டாஷ்போர்டுக்கு அடியில ஒயர் கனெக்டர் ஒண்ணு ரெண்டைக் கழட்டச் சொல்லிப் பாருங்க. பச்சையா பூத்திருந்தா அது தண்ணி குடிச்ச வண்டி. அடையாத்துல வந்தது நல்ல தண்ணி இல்லை சாமி, ஊர்ச் சாக்கடை மொத்தமும் கலந்த தண்ணி. அது ஒயரை உடனே தின்னாது. ஆறு மாசம், ஒரு வருஷம் கழிச்சு வேலையைக் காட்டும். ஹைவேயில ஹெட்லைட் அணையும். விபத்து நேரத்துல ஏர்பேக் விரியாமப் போகும். பணம் போறதை விட இதுதான் எனக்கு பயம். அந்த வண்டியில குழந்தை குட்டியோட திருப்பதி போறவங்க யாரோ ஒருத்தங்கதானே?

4. ஹெட்லைட்டுக்குள்ள பனி மூட்டம், ஸ்டெப்னி குழிக்குள்ள மண், வண்டிக்குள்ள அளவுக்கு மீறின வாசனை. கல்யாண மண்டபம் மாதிரி மணக்குற வண்டியைச் சந்தேகப்படுங்க.

5. இது ரொம்ப முக்கியம், காகிதத்துல கண்டுபிடிக்குற வழி. பழைய இன்சூரன்ஸ் பாலிசி நாலஞ்சு வருஷத்துக்கு கேளுங்க. நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம்னு படிப்படியா ஏறும். 2015 வரைக்கும் ஏறி, அடுத்த ரினியூவல்ல சடார்னு பூஜ்யம் ஆயிருந்தா அந்த வருஷம் கிளெய்ம் வாங்கியிருக்காங்க. 2023-க்கும் 2024-க்கும் நடுவுல இதையே பாருங்க. சின்ன உரசலாவும் இருக்கலாம், போனஸைக் காப்பாத்துற ஆட்-ஆன் இருந்தா தெரியாமலும் போகலாம். ஆனா கேள்வி கேக்க ஒரு நூல் முனை கிடைச்சுடும். கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சேஸிஸ் நம்பரைச் சொல்லி சர்வீஸ் சரித்திரத்தையும் கேளுங்க, ஓனரையும் கூட்டிட்டுப் போனா சுலபமா குடுப்பாங்க. டிசம்பர்ல டோ பண்ணி உள்ள வந்த வண்டின்னா அதுல இருக்கும்.

<b>ஜீப்புக்குன்னு தனியா பார்க்க வேண்டியது</b>

முந்தின நாளே சொல்லிடுங்க: "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க." போன உடனே பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சுட்டா, காலையிலயே எதையோ சமாளிச்சிருக்காங்க. குளிர்ந்த இஞ்சின்ல வர்ற புகையும் சத்தமும்தான் உண்மை பேசும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தா குபுகுபுன்னு புகை வந்தா இஞ்சின் உள்ள தேஞ்சிருக்கு.

அடுத்து வண்டிக்கு அடியில படுங்க. ஆமா, சட்டை அழுக்காகும். லட்சக்கணக்குல குடுக்கப் போறீங்க, சட்டை முக்கியமா? சேஸிஸ் துருவைப் பாருங்க. பெசன்ட் நகர், திருவான்மியூர் கடல் காத்துல வருஷக்கணக்கா நின்ன வண்டின்னா மேல பெயின்ட் மின்னும், கீழ அப்பளம் மாதிரி உதிரும். ஸ்க்ரூ டிரைவரால தட்டிப் பாருங்க, கணீர்னு கேக்கணும். புதுசா கறுப்பு பெயின்ட் அடிச்சு வெச்சிருந்தா எதையோ மறைக்குறாங்க. வெல்டிங் போட்ட இடம் எதுன்னு தேடுங்க. ஜிப்ஸியில நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். பட்டையில கீறல் இருக்கான்னு ஒவ்வொண்ணாப் பாருங்க.

டிஃபரன்ஷியல் ஆயில் போடுற பிளக்கைக் கழட்டச் சொல்லி விரலை விட்டுப் பாருங்க. ஆயில் ஃபில்டர் காபி கலர்ல இருந்தா தண்ணி உள்ள போயிருக்கு. முன்னாடி டிஃபரன்ஷியலையும் மறக்காதீங்க. அதைத்தான் யாரும் பார்க்க மாட்டாங்க.

ஃபோர் வீல் வேலை செய்யுதான்னு கேட்டா, "சூப்பரா செய்யும் சார்"னு சொல்லிட்டு அதை மட்டும் போட்டுக் காட்ட மாட்டாங்க. வருஷக்கணக்கா தொடாம அந்த லீவர் இறுகிப் போயிருக்கும். போட்டே காட்டச் சொல்லுங்க. ஆனா தார் ரோட்டுல வேணாம், மண் தரையில. காய்ஞ்ச தார் ரோட்டுல இந்த மாதிரி வண்டியை ஃபோர் வீல்ல வளைச்சா முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒத்துப் போகாம கியர் பெட்டி முறுக்கிக்கும். பழைய வண்டிகள் சிலதுல முன் சக்கர ஹப்பைக் கையால லாக் பண்ணணும், அது சுத்துதான்னும் பாருங்க. ஹை, லோ ரெண்டும் விழணும், திரும்ப வெளியவும் வரணும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா போங்க. கடகடன்னு சத்தம் வந்தா முன் ஆக்சில் ஜாயின்ட் போச்சு. 60-ல போகும்போது ஸ்டியரிங் பேயாட்டம் ஆடினா கிங் பின், பேரிங் செலவு காத்திருக்கு.

டயர்ல நாலு இலக்கம் இருக்கும். 2319-ன்னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருந்தாலும் வயசான டயர் வெடிக்கும்.

உங்க மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. சும்மா இல்லை, கூலி குடுத்து. "பிடிச்சா வாங்குவேன், வாங்கலைன்னாலும் உங்க காசு உங்களுக்கு"ன்னு முன்னாடியே சொல்லிடுங்க. அப்பதான் மனுஷன் வாயைத் திறந்து வேணாம்னு சொல்லுவார்.

<b>மாடிஃபைடுன்னு மயங்காதீங்க</b>

ஹரியானாவுல மண்டி டப்வாலின்னு ஒரு ஊர், ஜீப்பை அக்கு வேறா ஆணி வேறா பிரிச்சு புதுசா கட்டுறதுக்குப் பேர் போனது. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனா 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: தயாரிச்ச கம்பெனி குடுத்த அமைப்பை மீறி வண்டியை மாத்தக் கூடாது. இஞ்சின் மாத்தியிருந்தா அது ஆர்.சி.யில ஏறியிருக்கணும். இஞ்சின்ல செதுக்கின நம்பரும் ஆர்.சி. நம்பரும் ஒண்ணா, சேஸிஸ் நம்பரை உளி வெச்சு நோண்டியிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. முன்னாடி பெரிய இரும்பு பம்பர் இருந்தா அதுவும் வில்லங்கம்தான். 2017 டிசம்பர்லயே மத்திய அரசு அதையெல்லாம் கழட்டச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிடுச்சு.

டெல்லி வண்டியும் அப்படித்தான். 10 வருஷம் ஆன டீசல் வண்டி அங்க ஓடக் கூடாதுன்னு 2015-ல பசுமைத் தீர்ப்பாயமும் 2018-ல உச்ச நீதிமன்றமும் சொன்ன பிறகு, அங்கேர்ந்து சல்லிசா எஸ்யூவிகள் தெற்கே வந்துச்சு. வெலை கம்மிதான். என்.ஓ.சி., இங்க மறுபடி ஆயுள் வரி, நம்பர் மாத்துறதுன்னு எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க கம்மியான்னு.

<b>ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகாத வியாபாரம் வியாபாரமே இல்லை</b>

இது விக்கிறவங்களுக்கும் சேர்த்து. ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து வாங்கி பையில வெச்சுக்கிட்டா வண்டி உங்களது ஆயிடாது. விக்கிறவர் 14 நாளுக்குள்ள, வாங்குறவர் 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லணும். லோன் இருந்தா ஃபார்ம் 35, வேற ஆபீஸ் எல்லைன்னா ஃபார்ம் 28.

"அப்புறம் மாத்திக்கலாம் சார், என்ன அவசரம்"னு சொல்ற புரோக்கருக்கு ஒரு தீர்ப்பை ஞாபகப்படுத்துங்க. 2007-ல ஒருத்தர் காரை வித்தார். அது மூணு நாலு கை மாறுச்சு, யாரும் பேர் மாத்தலை. 2009-ல விபத்து, ஒரு குழந்தை செத்துப் போச்சு. 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் சொன்னது: ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், நஷ்ட ஈடு அவர் பொறுப்பு. வித்து ரெண்டு வருஷம் ஆன மனுஷன்! 2025 நவம்பர்ல டெல்லி செங்கோட்டை பக்கத்துல கார் வெடிச்சப்பவும், போலீஸ் முதல்ல போய் நின்னது எப்பவோ வண்டியை வித்துட்ட ஒருத்தர் வீட்டு வாசல்லதான்.

டீலர் கிட்ட வாங்குனா, விக்க குடுத்தா, அவர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வெச்சிருக்காரான்னு கேளுங்க. 2023 ஏப்ரல் 1-லேர்ந்து புது விதி. முறைப்படி தகவல் குடுத்துட்டா, வண்டி அவர் கையில இருக்குற வரைக்கும் பொறுப்பும் அவருக்குத்தான். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்துங்க. மூணாம் நபருக்கான காப்பு தானா வந்துடும், உங்க வண்டிக்கு அடிபட்டா கிடைக்க வேண்டிய காசு தானா வராது. பழைய ஓனரோட நோ கிளெய்ம் போனஸ் அவரோடயே போயிடும், அதையும் சேர்த்து பேரம் பேசாதீங்க. எம்-பரிவாஹன்ல நம்பரைப் போட்டா எத்தனையாவது ஓனர், லோன் இருக்கா, எஃப்.சி. எது வரைக்கும்னு வந்துடும். அஞ்சு நிமிஷ வேலை. பதிவாகி 15 வருஷம் ஆயிருந்தா மறுபதிவு முடிஞ்சுதான்னு கண்டிப்பா பாருங்க. பழைய ஜீப்புல இதுதான் பாதிப் பேருக்கு ஆப்பு.

<b>அந்த ஒரு வரி</b>

இவ்வளவையும் நாமதான் பார்க்கணும்னா, அரசாங்கத்து கம்ப்யூட்டர் எதுக்கு இருக்கு? இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எந்த வண்டி முங்குச்சுன்னு தெரியும். பணம் குடுத்ததே அவங்கதான். ஆர்.டி.ஓ. கிட்ட ஒவ்வொரு வண்டிக்கும் பக்கம் இருக்கு. ரெண்டையும் சேர்த்து "வெள்ளத்தில் டோட்டல் லாஸ்"னு ஆர்.சி.யில ஒரு வரி ஏத்த என்ன கஷ்டம்? அப்படி ஏத்தினா முங்கின வண்டியோட வெலை இறங்கும்னு சிலர் சொல்லலாம். இறங்கட்டுமே! அதானே அதோட நிஜ வெலை? தெரிஞ்சே வாங்கி, ஒயரிங்கை மாத்தி ஓட்டுறவர் ஓட்டட்டும். தெரியாம வாங்கி ஏமாறுறவர் பாக்கெட்லேர்ந்து எதுக்கு வித்தியாசத்தை எடுக்கணும்? வீடு வாங்கினா 30 வருஷ வில்லங்கம் போட்டுப் பார்க்குற ஊர் இது. வண்டிக்கும் ஒரு வில்லங்கச் சான்றிதழ் கேட்டா அது பேராசையா என்ன?

சென்னைக்கு இனிமே வெள்ளமே வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்கப் போறதில்லை. அடுத்த டிசம்பர்லயும் வண்டிங்க முங்கும், ஜனவரியில காயும், மார்ச்ல விலைக்கு வரும். அது வரைக்கும் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்குறதுதான் நமக்கு இருக்குற ஒரே வழி. நல்லா இழுங்க மக்களே, கடைசி வரைக்கும்.